ஞானஸ்நான ஏடும் பெயரும்

கடவுள் மனிதர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்திருக்கிறார், அறிந்ததோடு நில்லாமல் பெயர் சொல்லியும் அழைக்கிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் ஆதி விசுவாசங்களுள் ஒன்று. ஆலயத்தில் படுத்துறங்கிய சிறுவன் சாமுவேல் இராத்திரியில் தன் பெயர் காதில் விழ, முதிய குரு ஏலிதான் அழைத்தார் என்றெண்ணி மூன்று முறை எழுந்தோடினான். வரி வசூலிக்கும் சகேயு, குள்ளனானபடியால் கூட்டத்தில் காண முடியாமல் மரத்தில் ஏறியிருக்க, அவனை முன்பின் கண்டிராத இயேசு அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி இறங்கச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் அழுது நின்ற மகதலேனா மரியாள், எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று கருதி, தன் பெயர் அவர் வாயில் வந்த பிறகே இன்னார் என்று தெளிந்தாள். இக்கதைகளைப் பிரசங்கிகள் சொல்லிச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் பழகிப்போயின. எனக்கு அவற்றினும் சுவையாகத் தோன்றுவது, இவ்விசுவாசம் எழுத்தர்களின் கைக்கு வந்து, பெயர் எழுதும் வழக்கமாகவும் பேரேடாகவும் உருவெடுத்த சரித்திரம். அதிலும், ஊரும் குலமும் கூடி முடிவு செய்த காரியத்துக்குத் தனியொருவன் தலையசைப்பதே முறையாயிருந்த தமிழகத்தில் அது பட்ட பாடு.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் மாது மேற்கு தேசத்திலிருந்து எருசலேமுக்கு யாத்திரை சென்று, கண்டதையெல்லாம் தன் நாட்டுச் சகோதரிகளுக்கு எழுதிவைத்தாள். ஞானஸ்நானம் பெற விரும்புவோர் தவக்காலம் பிறக்குமுன் தங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். குருவானவர் ஒருவர் அவற்றைக் குறித்துக்கொள்வார். பின்னர் பேராலயத்தின் நடுவே ஆசனத்தில் அமர்ந்த ஆயரின் முன்பு, ஆடவர் தத்தம் ஞானத்தந்தையரோடும் பெண்டிர் ஞானத்தாயரோடும் ஒவ்வொருவராக வந்து நிற்பர். ஆயர் விசாரிப்பது வந்து நிற்பவரை அன்று, அவருடைய அண்டை வீட்டாரை! இவன் நடத்தை எப்படி, பெற்றோருக்கு அடங்கியவனா, குடிகாரனா, பொய்யனா என்று கேட்டு, குற்றமில்லை என்று சாட்சி கிடைத்தால் தம் கையாலேயே அவன் பெயரை எழுதுவாராம். குற்றமிருந்தால், திருந்தி வரச் சொல்லி அனுப்பிவிடுவாராம். அறிந்தவர் சாட்சி இல்லாத அந்நியனுக்கு அங்கே ஞானஸ்நானம் எளிதில் கிடைக்காது என்றும் அவள் எழுதுகிறாள். ஆண்டவன் ஒருவனை நேரே அறிவான் என்று போதித்த திருச்சபை, அவனைத் தான் அறிந்துகொள்வதற்கு அண்டை வீட்டாரைத்தான் நம்பியிருந்தது.

பூசை வேளையில் உயிரோடிருப்போர் பெயரையும் மரித்தோர் பெயரையும் பலகையில் எழுதி வாசித்த வழக்கமும் பழமையானதே. ஆனால் இன்று பங்குக் கோயில்தோறும் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு அத்துணை பழையதன்று. இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு அரசாணையால் அது வந்தது. கத்தோலிக்க நாடுகளுக்கு 1563-ல் திரிதெந்து மகாசங்கம் விதித்தது. அச்சங்கத்தின் நோக்கமோ முற்றிலும் லௌகிகமானது: ஞானப்பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உண்டாகும் ஞான உறவு திருமணத்துக்குத் தடையாகையால், யாருக்கு யார் கைத்தாங்கலாக நின்றார் என்பது தெரிய வேண்டியிருந்தது. கலியாணச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்த புத்தகம் ஒவ்வோர் ஆத்துமாவுக்கும் ஒரு வரி என்று இடம் ஒதுக்கும்படியாயிற்று. பெரிய தத்துவங்கள் இப்படிச் சில்லறைக் காரணங்களின் தோளேறி வருவது சரித்திரத்தில் புதிதன்று.

இனி நம் கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறையின் பரதவர், முத்துச் சலாபத்தின் மேல் ஏற்பட்ட பகையில் நெருக்குண்டு, போர்த்துக்கேயரின் துணை நாடிக் கொச்சிக்குத் தூது அனுப்பி, 1535-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஊர் ஊராக, குலம் முழுவதுமாக ஞானஸ்நானம் பெற்றனர். அதில் தனியொருவனின் அழைப்பு எங்கே இருந்தது என்று கேட்டால், எங்கும் இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். குலத்தலைவர்களான பட்டங்கட்டிமார் தீர்மானித்தார்கள், துறை பின்பற்றியது. பெயர்கள் மட்டும் தனித்தனியே மாறின. பர்னாந்து, குரூஸ், மோத்தா, ரோச் என்று போர்த்துக்கேய வம்சப் பெயர்கள் அன்று கரையேறியவை இன்றும் தூத்துக்குடியில் கடைப்பலகைகளில் காணக் கிடக்கின்றன. 1542-ல் சவேரியார் வந்து, உங்கள் விசுவாசம் யாது என்று வினவியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க அதுவரை ஒருவரும் வந்ததில்லை.

சவேரியாருக்கும் தமிழ் வராது. மொழிபெயர்த்துத் தந்த ஜெபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்தபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். 1544-ன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில், ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கொச்சியிலிருந்து அடுத்த ஜனவரியில் கடிதம் எழுதினார். ஆடவரையும் சிறுவரையும் ஒருபுறம் திரட்டி, சிலுவை அடையாளம் போடவைத்து, விசுவாசப் பிரமாணத்தைத் திருப்பிச் சொல்லவைத்து, நீர் வார்த்து, பின்பு அவர்கள் வீடு சென்று மனைவி மக்களை அனுப்ப, அவர்களுக்கும் அவ்வாறே செய்தார். கை சோர்ந்து போகும் அளவு வேலை. இத்தனை அவசரத்துக்கு நடுவிலும் ஒரு காரியத்தை அவர் விடவில்லை: ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார் என்று அக்கடிதமே சொல்கிறது. பெற்றவர்களில் எழுத்தறிந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். தன்னால் வாசிக்க முடியாத தன் பெயரை மடியில் முடிந்துகொண்டு ஒரு வலைஞன் வீடு திரும்புவதை எண்ணிப் பார்க்கும்போது, மொத்த மொத்தமாக மதம் மாற்றினார் என்று அவர்மேல் சொல்லப்படும் பழியில் பாதி உண்மையும் பாதி அநியாயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஓலை காட்டி ஆளை உரிமை கொள்வது தமிழருக்குத் தெரியாத செய்தியன்று. புத்தூர் மணப்பந்தலில் கிழவேதியராக வந்த சிவபெருமான் சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடி, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைக் காட்டி வென்ற கதையைப் பெரிய புராணம் விரித்துரைக்கிறது. ஆயினும் அவ்வோலையைச் சுந்தரர் எழுதவில்லை; அவருடைய பாட்டனார், தாமும் தம் வழிவழி வருவோரும் அடிமை என்று எழுதிக் கொடுத்தது அது. வம்சத்தைக் கட்டும் சாசனம் என்றால் நம்மவருக்கு எளிதில் விளங்கும். சவேரியார் கொடுத்த எழுத்தோ ஆளுக்கு ஒன்று. பெண்ணுக்கும் தனி, பிள்ளைக்கும் தனி. கடற்கரைக் குடிகள் அதனை எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று, அவர்கள் அப்பெயர்களைப் பாட்டன் பெயர் பேரனுக்கு என்று உடனே பழைய வழியிலேயே வைக்கத் தொடங்கியதுதான்.

சவேரியார் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவருடைய கடிதங்களில் அச்சொல்லே போர்த்துக்கேய உருவில் வருகிறது. ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு நீர் வார்ப்பதும், கோயில் காரியங்களைக் கவனிப்பதும் அவர்கள் வேலை. அவர்களுடைய சம்பளத்துக்குப் போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை அவர் கேட்டுப் பெற்றார் என்பது ஒரு வேடிக்கையான உண்மை. பின்னாளில் புன்னைக்காயலிலிருந்து உழைத்த அண்டிரிக் அடிகளார் 1586-ல் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தைத் தமிழில் அச்சிட்டார். பெயர் எவரிடமிருந்து வந்ததோ அவருடைய கதையும் அதனால் கூடவே வந்தது. பேதுரு இராயப்பராகவும், பவுல் சின்னப்பராகவும், யோவான் அருளப்பராகவும், யோசேப்பு சூசையாகவும் தமிழ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தோணிமுத்துவும் சவரிமுத்துவும் ஆரோக்கியமும் அமலோற்பவமும் எந்நாட்டுப் பெயர் என்று கேட்க இன்று யாருக்கும் தோன்றாது.

தரங்கம்பாடியின் கதை வேறு தினுசு. 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, தனியொருவன் உள்ளத்தில் நேரும் மனமாற்றமே மெய்யான அழைப்பு என்று வற்புறுத்திய ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். அடுத்த மே மாதம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர்; டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். ஊர்கூடி வந்தவர்கள் அல்லர், கூட்டி வர அவர்களுக்கு ஊரே இல்லை. தரங்கம்பாடி மிஷனரிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பி, 1710 முதல் ஹாலேயில் அச்சேறிய அறிக்கைகளில், இன்னான் எவ்வாறு ஐயுற்றான், எவ்வாறு தெளிந்தான் என்று ஆள் ஆளாக வரலாறு எழுதப்பட்டது. கடலூர் ஆறுமுகம் 1718-ல் ஆரோன் ஆகி, 1733-ல் குருப்பட்டம் பெற்று, புராட்டஸ்டண்டு சபையின் முதல் இந்தியப் போதகரானார்.

பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேடு, திருநெல்வேலிக் கிறிஸ்தவ சரித்திரத்துக்குத் தலைவாசல் என்று சொல்லத்தக்கது. நாற்பது பெயர்கள், பல சாதியினர். முதற்பெயர் குளோரிந்தா. மராட்டிய பிராமணக் குலத்து விதவையான இவ்வம்மையார் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு வாழ்ந்தார். முறையான மணம் இன்மையால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்து, அத்தலைவர் இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். அண்டை வீட்டாரை விசாரித்த எருசலேம் ஆயரின் கண்டிப்பு இங்கே திரும்பவும் தலைகாட்டுகிறது. அதே நாற்பதில் கவிராயர் தேவசகாயம் பெயரும் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் தந்தை அவர். அம்மையார் கட்டுவித்த கோயில் 1785-ல் பிரதிஷ்டையாயிற்று. அதனை ஊரார் வழங்கிய பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். பதிவேட்டில் குளோரிந்தா, தெருவில் கடைசிவரை பாப்பாத்தி. குலத்தைக் கழற்றிவைத்து ஒருத்தியைப் பெயரால் அழைக்க ஓர் ஏட்டினால் முடிந்தது, ஓர் ஊரால் முடியவில்லை.

திருச்சபையால்தான் முடிந்ததா என்றால், வடக்கன்குளத்தைப் பார்க்க வேண்டும். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் சரித்திரத்தைக் கேட்டு மனம் மாறி, 1745 மே மாதம் அவ்வூரில்தான் தேவசகாயம் என்ற பெயர் பெற்றார். குலம் அவரோடு வரவில்லை, அரசன் கோபித்தான், எருமை மேலேற்றி ஊர்வலம் விட்டார்கள், 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் உரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தனியொருவன் தன் பெயர் கேட்டு எழுந்து போனான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை. அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பீடம் ஒன்றாகவும் மண்டபம் இரண்டாகவும் கோயில் கட்டி, நடுவே சுவர் வைத்து, இரு சாதியார் இருபுறம் நின்று ஒரே பூசை கண்டார்கள். 1910-ல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்கும் வம்பும் கொஞ்சமல்ல. ஞானஸ்நானத் தொட்டியில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த குருமாரே, உள்ளே நுழைந்ததும் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிறுத்தினார்கள். இதற்கு ஊர் வழக்கத்தைக் காரணம் காட்டுவார் உளர். காரணம் காட்டலாம், நியாயம் காட்ட முடியாது.

பதிவேடு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே வந்தது. கத்தோலிக்கப் பங்குகளில் அதன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், வரிசை எண், பிறந்த நாள், நீர் வார்த்த நாள், பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் ஒப்பம் என்று கட்டங்கள் ஓடும். ஓரத்தில் குறிப்புக்கென்று சிறிது இடம் விட்டிருக்கும். 1908 முதல் நடைமுறைக்கு வந்த உரோமைச் சட்டப்படி, ஒருவன் எந்தத் தேசத்தில் மணம் முடித்தாலும், செய்தி அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு வந்து, அவன் பெயருக்கு நேரே அந்த ஓரத்தில் ஏற வேண்டும். எனவே, பிழைப்புக்காகப் பினாங்குக்குப் போனவன் அங்கே கோயிலில் தாலி கட்டினாலும் அவன் ஊர் ஏடு அதை அறியும்.

இவ்வேட்டுப் பெயருக்கு இந்நாளில் ஒரு போட்டி உண்டு. 1950-ல் வெளியான ஜனாதிபதி ஆணை அட்டவணைச் சாதி உரிமைகளை இந்துக்களுக்கென்று வரையறுத்து, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகையால் மதம் மாறினாலும் சாதிக்கொடுமை மாறாத குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் கோயில் ஏட்டில் ஒரு பெயருமாக இருக்கக் காண்கிறோம். பொய் என்று இதைச் சொல்பவர்கள், ஒரே மனிதனை ஆறு நாள் சாதியாலும் ஏழாம் நாள் பெயராலும் அழைப்பது மட்டும் மெய்யா என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். கலியாணம் கூடிவரும்போதுதான் இவ்விரண்டு பெயர்களும் சந்தித்துக்கொள்ளும். மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் ஓலை வாசிக்கையில் ஏட்டிலுள்ளபடிதான் வாசிப்பார். சூசைமாணிக்கம் குமாரன் அருளப்பன் என்று அவர் அறிவிக்க, மாப்பிள்ளையோடு பத்து வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பன் பின்வரிசையில் இருந்துகொண்டு, அது யார் அருளப்பன் என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பான்.