காது ஏமாந்த மொழி



அறியாத ஒரு மொழியைக் காதால் கேட்டே இன்ன மொழி என்று சொல்லிவிட இயலுமா? ஓரளவு இயலும். ஆனால், காது முதலில் பற்றுவது மேலோசையையும் இரவல் சொற்களையும்தான். இதற்குப் பிராகுயி மொழியின் வரலாற்றைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

1810-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஹென்றி பாட்டிஞ்சர், குதிரை வணிகரின் முகவராக மாறுவேடம் பூண்டு பலுசிஸ்தானத்தில் பயணம் செய்தார். அங்குக் கலாத் பகுதியில் வழங்கிய பிராகுயி, செவிக்குப் பஞ்சாபியைப் பெரிதும் ஒத்திருப்பதாக 1816-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நேரில் கேட்டவரின் கூற்று அது! 1838-இல் ராபர்ட் லீச் அம்மொழியின் இலக்கணக் குறிப்புகளை வெளியிட்டார். ஜெர்மனியின் பான் நகரப் பேராசிரியர் கிறிஸ்தியான் லாசன் அக்குறிப்புகளை ஆராய்ந்து, இது தென்னிந்திய மொழிகளின் உறவு என 1844-இல் எடுத்துக்காட்டினார்.

எவ்வாறு? பிராகுயியில் 'நீ' என்றால் நீதான். 'இரட்' என்பது இரண்டு. 'முசிட்' என்பது மூன்று. 'பா' என்பது வாய். 'தீர்' என்பது நீர். கண், கல் ஆகிய சொற்களும் உண்டு. ஆனால் அவற்றின் ககரம் அரபு மொழியின் 'க்ஹ' போலத் தொண்டையில் உரசி ஒலிக்கும். பாலும் தேளும்கூட உண்டு; அவற்றின் ஈற்றில் லகரமும் காற்றும் கலந்த ஓர் ஒலி வரும். நம் செவி இவற்றை உடனே இனங்காணாது. 'செய்யேன்' என்பதுபோல் எதிர்மறையை வினைக்குள்ளேயே அடக்கும் வழக்கமும் அங்குண்டு. வினையமைப்பைச் சந்தையில் நின்று கேட்டு யார் கண்டுபிடிப்பார்?

ஐயம் உடனே தீர்ந்துவிடவில்லை. 1856-இல் கால்டுவெல், பிராகுயியில் திராவிடக் கூறு உண்டு என்ற அளவோடு நின்றார். 1909-இல் டெனிஸ் பிரே எழுதிய இலக்கணமே அதன் திராவிட உறவை உறுதிப்படுத்தியது. அம்மக்கள் தொன்றுதொட்டு அங்கு வாழ்பவர்களா, பிற்காலத்தில் தெற்கிலிருந்து சென்றவர்களா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பிள்ளைகளின் பேச்சில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்ததும் 'தமிழ் போயிற்று' என வருந்தும் பெற்றோர் பலர். பிராகுயியின் சொற்களில் பெரும்பகுதி பலோச்சி, பாரசீகம், அரபு, சிந்தி முதலியவற்றிலிருந்து வந்தவையே. ஆயினும், இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் அம்மொழியின் எலும்புக்கூடு கலையவில்லை. எனவே, நான் முதலில் கவனிப்பது சொல்லை அன்று, வினைமுற்றையும் எண்ணுப்பெயரையும். எண்ணுப்பெயரில் பிராகுயியும் தோற்றுவிட்டது. மூன்று வரைதான் அதற்குச் சொந்த எண்கள். நான்கிலிருந்து 'சார்', 'பஞ்ச்' என இரவல். என் வகுப்பிலோ, தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தமிழில் சொல்லும் மாணவர் மிகச் சிலரே.