ஏ.சி.எல். அறுவைக்குப் பிந்தைய மூட்டுத் தேய்மானம்

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்து, அதை அறுவையில் புதிதாகக் கட்டிய பிறகும், ஆண்டுகள் கழித்து அதே மூட்டில் தோன்றும் தீராத வலியும் தேய்மானமும். வயதானவர்களின் மூட்டுவலி போலன்றி, முப்பது நாற்பது வயதிலேயே இது தொடங்கிவிடக்கூடும்.

சுவீடனில் ஏ.சி.எல். அறுந்து 12 ஆண்டுகள் ஆன கால்பந்து வீராங்கனைகளைப் பற்றி லோமாண்டர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. அவர்களின் சராசரி வயது 31தான். எக்ஸ்ரே எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தேய்மானம் இருந்தது. அறுவை செய்துகொண்டதால் வலியும் தொல்லையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

காரணம், கேடு பெரும்பாலும் அடிபட்ட நொடியிலேயே நேர்ந்துவிடுகிறது. கால் முறுகும்போது எலும்புகள் ஒன்றோடொன்று மோதிக் குருத்தெலும்பு நசுங்குகிறது. மூட்டுக்குள் இரத்தம் கட்டி அழற்சி கிளம்புகிறது. புதிய தசைநார் கால் நழுவுவதைத் தடுக்கும். ஆனால் நசுங்கிய குருத்தெலும்பை அது மீட்காது. மூட்டின் பழைய சுழற்சியையும் முழுதாகத் திருப்பித் தராது. கால் நழுவாமல் தடுப்பதையும் மூட்டு குணமாவதையும் ஒன்றாக எண்ணுவதால்தான், “ஆபரேஷன் செய்தும் ஏன் வலிக்கிறது?” என்ற ஏமாற்றம் பலருக்கு.

தேய்மானம் வருமா என்பதில் இன்னும் முக்கியமானது, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ். நோயாளிகளைப் பத்தாண்டுக்குக் குறையாமல் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான மதிப்பாய்வின்படி, ஏ.சி.எல். மட்டும் அறுந்தவர்களில் தேய்மானம் 0 முதல் 13 விழுக்காடு. மெனிஸ்கஸும் கிழிந்தவர்களிடம் 21 முதல் 48. அதனால் இன்று, கிழிந்த மெனிஸ்கஸை வெட்டி எறியாமல் இயன்றவரை தைக்கவே முயல்கிறார்கள்.

வலியெல்லாம் தேய்மானமும் அல்ல. முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநாணிலிருந்து புதிய தசைநாருக்கான ஒட்டுத் திசுவை எடுத்திருந்தால் மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்கலாம். உள்ளே தழும்புத் திசு திரண்டால் காலை முழுதாக நீட்ட முடியாது. தொடையின் முன்தசை வலுவிழந்திருப்பதும் பரவலான காரணம். பிசியோதெரபியைப் பாதியில் கைவிட்டவர்களிடம் இதை முதலில் தேட வேண்டும்.

அறுந்தவுடன் அறுவை கட்டாயமா என்பதிலும் கருத்து மாறிவருகிறது. சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த சோதனையில், உடனே அறுவை செய்தவர்களுக்கும், பயிற்சியோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் செய்துகொண்டவர்களுக்கும் ஐந்தாண்டு முடிவில் வலியிலோ எக்ஸ்ரேயிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்து எதுவும் இதுவரை இல்லை. தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை, சிலருக்கு மூட்டு ஊசி என்பவையே வழக்கமான சிகிச்சை. கால் வளைந்திருந்தால் எலும்பைச் சீர்செய்யும் அறுவை உதவும். இளவயதில் பொருத்தும் செயற்கை மூட்டு பிற்காலத்தில் தேய்ந்து மறு அறுவை கேட்கக்கூடும் என்பதால், மூட்டு மாற்றத்தை மருத்துவர்கள் முடிந்தவரை தள்ளிப்போடுகிறார்கள்.