மானிப்பாய் மருத்துவப் பயிற்சியும் பணித்தகுதியும்: பயனை மதிப்பிடும் அளவுகோல்கள் (1848–1873)

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் நடத்திய மருத்துவ வகுப்பு, உள்ளூர் இளைஞர்களை மருத்துவப் பணிக்கு ஆயத்தமாக்கியது. முதலில் ஆங்கிலத்திலும் 1864 முதல் தமிழிலும் அப்பயிற்சி நடைபெற்றது. இப்பயிற்சி பணிக்கு எந்த அளவு பொருந்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடநூல் தேர்வு, பணியிடம், நிறுவன ஏற்பு, அறிவுப் புதுப்பிப்பு என்னும் நான்கு அளவுகோல்கள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. தமிழ்வழிப் பயிற்சி கிராமப் பணிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. பயிற்சி முடித்தவர்களைத் தாங்கும் அமைப்புகள் அதற்கு வெளியே உருவாகவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: மானிப்பாய், சாமுவேல் கிறீன், மருத்துவ உதவியாளர், தமிழ்வழி மருத்துவக் கல்வி, யாழ்ப்பாணம்

முன்னுரை

தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்னும் விவாதத்தில் கிறீனின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய மொழிபெயர்ப்பு நூல்களையும் கலைச்சொல்லாக்கத்தையும் போற்றுகின்றன. மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அம்முயற்சி நிலைபெறவில்லை என்பதைச் சுட்டி அதனைத் தோல்வியாகக் கருதுவோரும் உளர். இவ்விரு பார்வைகளிலும் ஒரு கேள்வி விடுபடுகிறது. அந்நூல்கள் நூலகத்திற்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு குறிப்பிட்ட பணிக்கு ஆள்களை ஆயத்தம் செய்வதற்காக எழுதப்பட்டவை. எனவே அப்பணி எது, அதற்குப் பயிற்சி எவ்வளவு பொருந்தியது என்று கேட்ட பின்னரே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க இயலும்.

மானிப்பாய் வகுப்புப் பற்றிய செய்திகள் பெரிதும் மிஷன் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் கிடைக்கின்றன. அமெரிக்காவிலுள்ள ஆதரவாளர்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட இச்சான்றுகளில் ஆசிரியரின் நோக்கம் தெளிவாகவும், நோயாளியின் குரல் மிக மெல்லியதாகவும் ஒலிக்கின்றன. இதனால் கூற்றுகளை விடப் பாடநூல்கள், அவை வெளிவந்த ஆண்டுகள், பயிற்சியின் மொழி மாற்றம் ஆகியவற்றுக்கு இக்கட்டுரை முதன்மை அளிக்கிறது.

பயிற்சியின் தோற்றமும் சூழலும்

அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணி கிறீனோடு தொடங்கியதன்று. 1819இல் இலங்கை வந்த ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தார். அவருக்குப் பின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். 1822இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் நகரில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருந்தகத்தோடு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

இதே காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலும் மருத்துவ உதவியாளர் பயிற்சி உருவாகி வந்தது. கல்கத்தாவில் 1822இல் தொடங்கிய பள்ளி, படைப்பிரிவுகளுக்குத் தேவையான உள்நாட்டு மருத்துவர்களை இந்திய மொழிகளின் வழியே பயிற்றுவித்தது. அது 1835இல் மூடப்பட்டு, ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி அவ்விடத்தைப் பெற்றது. சென்னையில் 1835 பிப்ரவரி 2 அன்று பொது மருத்துவமனையோடு இணைந்த மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இவ்விடங்களில் பயிற்சிக்கு முன்பே பணி வரையறுக்கப்பட்டிருந்தது. படைப்பிரிவும் அரசு மருத்துவமனையும் ஆள்களை வேண்டின. பள்ளி அவர்களை வழங்கியது. மானிப்பாயில் அத்தகைய பணியமர்த்தும் நிறுவனம் எதுவும் பயிற்சியின் பின்னால் இல்லை. கற்றவர் எங்கே செல்வார் என்பது திறந்த கேள்வியாகவே இருந்தது.

ஆங்கிலவழிப் பயிற்சி: வேலை கிடைத்தது, நோக்கம் தவறியது

முதற்கட்டத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் பலர் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள். அமெரிக்க ஆதரவாளர்களின் பெயர்களைத் திருமுழுக்குப் பெயர்களாகப் பெற்றிருந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் அவர்களுள் இருந்தனர். மருந்தகத்தில் ஆசிரியரோடு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பாடம் கற்பது பயிற்சியின் முறையாக இருந்தது. செயல்வழிப் பயிற்சி என்ற நிலையில் இதனைக் குறைவாக மதிப்பிட இயலாது.

வேலைவாய்ப்பு என்னும் அளவுகோலைக் கொண்டு நோக்கினும் ஆங்கிலவழிப் பயிற்சி வெற்றியே. இலங்கையில் 1858இல் குடிமை மருத்துவத் துறை தனித்துறையாக அமைந்தது. ஆங்கிலமும் மேலை மருத்துவமும் ஒருங்கே அறிந்த இளைஞருக்கு அரசுப் பணி மாதச் சம்பளத்தையும் சமூக மதிப்பையும் அளிக்கக்கூடியதாக இருந்தது. ஆயினும் கிறீன் இதனை வெற்றியாகக் கொள்ளவில்லை. அவர் விரும்பியது கிராமங்களில் குடியிருந்து, தம் தொழில் வருவாயால் வாழ்ந்து, மக்களுக்கு மருத்துவம் செய்யும் தனி மருத்துவர்களை. பயிற்சி எவ்வளவு சிறந்ததோ அவ்வளவு விரைவாக மாணாக்கர் கிராமத்தை விட்டு அகன்றனர்.

இது மருத்துவ வகுப்புக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டதன் பின்னணியிலும் இதே விவாதம் இருந்தது. அங்கு ஆங்கிலக் கல்வி பெற்றோர் மிஷன் பணியை விட்டு அரசு வேலையை நாடினர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழுவின் கவலைகளுள் ஒன்று. நிறுவனர் எண்ணிய பணியும் மாணாக்கர் நாடிய பணியும் வேறுபட்டபோது, மாணாக்கரின் தேர்வைக் குறையாகக் காண்பது மிஷன் சான்றுகளின் இயல்பு. வறண்ட நிலத்தில் வேளாண்மையை நம்பியிருந்த ஒரு குடும்பத்திற்கு நிலையான சம்பளம் எத்தகைய பாதுகாப்பு என்பதை எண்ணினால், அத்தேர்வு பேராசையின் விளைவன்று; நியாயமான கணக்கு.

தமிழ்வழிப் பயிற்சியின் வடிவமைப்பு

1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் கற்றவர் அரசுப் பணியை நாட மாட்டார், தம் ஊரிலேயே தங்குவார் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆகவே மொழி மாற்றம், புரிதலை எளிதாக்கும் கற்பித்தல் முறையாக மட்டும் அமையவில்லை. மாணாக்கரைக் கிராமத்தில் நிறுத்தும் ஏற்பாடாகவும் அமைந்தது. தமிழ்வழிக் கல்வி வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாணாக்கரின் அறிவை விரித்த அதே மொழி அவர்களுடைய இடப்பெயர்வைச் சுருக்கும் கருவியாகவும் திட்டமிடப்பட்டது.

எந்தப் பணிக்கு ஆயத்தம் நடந்தது என்பதை மொழிபெயர்க்கப்பட்ட நூல்களே காட்டுகின்றன. கட்டரின் உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் பற்றிய நூலும் மான்செலின் பிரசவ நூலும் 1850களிலேயே தமிழாக்கம் பெற்றன. ட்ரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இலும், ஹூப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’ எனவும் கிரேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனவும் 1872இலும் வெளிவந்தன. வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இலும், டால்டனின் உடலியங்கியல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இலும் வந்தன. வேரிங்கின் இந்திய மருந்து நூலைத் தழுவிய ‘இந்து பதார்த்த சாரம்’ இவ்வரிசையில் பின்னர் சேர்ந்தது.

இத்தேர்வில் ஒரு திட்டம் புலப்படுகிறது. ட்ரூயிட், ஹூப்பர் ஆகியோரின் நூல்கள் மருத்துவர் கைக்கொண்டு செல்லும் வழிகாட்டிகளாக ஆங்கிலத்தில் புகழ்பெற்றவை. பெரிய மருத்துவமனையின் துணையின்றித் தனித்து இயங்குபவருக்கு அவை மிகவும் ஏற்றவை. பிரசவம் முதல் எலும்பு முறிவு வரை அனைத்தையும் ஒருவரே எதிர்கொள்ள வேண்டிய கிராமச் சூழலுக்கு இந்நூல் தொகுதி பொருந்துகிறது. வேரிங் திருவிதாங்கூரில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1868இல் வெளிவந்த அவருடைய மருந்து நூல் இந்தியாவில் கிடைக்கும் மருந்துப் பொருள்களுக்கு இடமளித்தது. இறக்குமதி மருந்து எளிதில் கிட்டாத ஊரில் அத்தகைய நூலின் தேவை சொல்லாமலே விளங்கும்.

கலைச்சொல்லாக்கத்திலும் இந்நோக்கு உண்டு. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலிலும், வடசொல்லை அடுத்தும், இரண்டும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கிறீன் நாடினார். ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பு மூன்றாம் வழிக்குச் சான்று. நோயாளியிடம் நோயை விளக்கவும், நாட்டு வைத்தியரோடு உரையாடவும் இம்முறை உதவக்கூடியது.

எனினும் கால வரிசை ஒரு குறையையும் காட்டுகிறது. தமிழ் வகுப்புத் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே விரிவான உடற்கூற்று நூல் அச்சில் வந்தது. 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகச் சென்ற பிறகே வேதியியல் நூலும் விரிவான உடலியங்கியல் நூலும் வெளிவந்தன. ஆகவே தொடக்க வகுப்பினர் பல பாடங்களைக் கையெழுத்துப் படிகள், ஆசிரியரின் வாய்மொழி ஆகியவற்றின் துணையோடு கற்றிருக்க வேண்டும். டான்ஃபோர்த், சாப்மன் முதலிய அவருடைய மாணாக்கர்களே மொழிபெயர்ப்பில் துணைநின்றனர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. நூல்கள் கிறீனின் பெயரால் அறியப்படினும், இருமொழிப் புலமை பெற்ற ஆங்கிலவழி மாணாக்கரின் உழைப்பின்றி அவை உருவாகியிரா. தமிழ்வழிப் பயிற்சி, அது மாற்ற முனைந்த ஆங்கிலவழிப் பயிற்சியின் விளைச்சலையே சார்ந்து நின்றது.

நிறுவன ஏற்பும் அறிவுப் புதுப்பிப்பும்

கிறீனிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழில் கற்றவர்கள். ஒரே ஆசிரியரைச் சுற்றி இயங்கிய வகுப்புக்கு இது சிறிய எண்ணிக்கையன்று. யாழ்ப்பாணத்தில் 1866–67இல் கடுமையாகப் பரவிய வாந்திபேதி, ஊர்தோறும் மருத்துவம் அறிந்தோர் தேவை என்பதை உணர்த்தியிருந்தது. ஆனால் இத்தேவைக்கு அரசு கண்ட விடை வேறு திசையில் அமைந்தது. வன்னியில் பறங்கிநோயால் மக்கள் தொகை குறைவது பற்றி மருத்துவர் ஜேம்ஸ் லூஸ் அளித்த அறிக்கையின் பின்னணியில், 1870 ஜூன் 1 அன்று ஆளுநர் ஹெர்குலிஸ் ராபின்சன் கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். லூஸ் அதன் முதல் தலைவரானார். அப்பள்ளியின் மொழி ஆங்கிலம்.

தமிழர் மிகுதியாக வாழ்ந்த வன்னியின் நோய், கொழும்பில் ஆங்கிலப் பள்ளி உருவாக ஒரு காரணமாயிற்று. அதே வேளையில் வன்னியின் வாயிலான யாழ்ப்பாணத்தில் தமிழ் மருத்துவ வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும் படிநிலைகளாக இணைக்கப்படவில்லை. மருத்துவத் தகுதியை வழங்கும் அதிகாரம் அரசிடம் குவிந்தபோது, பணித்தகுதி என்பதன் பொருளும் மாறியது. முன்பு நோயாளியின் நம்பிக்கையும் ஆசிரியரின் சான்றிதழும் போதுமானவையாக இருந்தன. இனி அரசு ஏற்கும் பட்டம் வேண்டும். மானிப்பாயில் தமிழில் கற்றவரின் திறமை குறைந்துவிடவில்லை. அவருடைய திறமையை அளக்கும் கோல் வேறொரு கைக்கு மாறியது.

நான்காவது அளவுகோலான அறிவுப் புதுப்பிப்பில் தமிழ்வழிப் பயிற்சியின் உண்மையான வலுக்குறைவு வெளிப்படுகிறது. ‘இரண வைத்தியம்’ அச்சேறிய 1867ஆம் ஆண்டில்தான் ஜோசஃப் லிஸ்டர் கிருமித்தடை அறுவை முறையைப் பற்றிய தம் கட்டுரைகளை வெளியிட்டார். ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்த 1883இல் ராபர்ட் காக் வாந்திபேதிக் கிருமியைத் தேடி எகிப்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் தம் ஆய்வை முடித்தார். மருத்துவ அறிவின் அடித்தளமே மாறிய காலம் அது. ஆங்கிலம் அறிந்தவர் இம்மாற்றங்களை இதழ்களில் படித்தறியலாம். தமிழில் மட்டும் கற்றவருக்கு அடுத்த மொழிபெயர்ப்பு வரும்வரை கையிலிருக்கும் நூலே எல்லை. தனி மனிதரின் உழைப்பால் எழுந்த மொழிபெயர்ப்பு மரபு, 1884இல் கிறீன் இறந்தபின் அதே வேகத்தில் தொடரவில்லை. பாடநூல் ஒருமுறை உருவாக்கப்படும் பொருளன்று. இதழ், மறுபதிப்பு, தொடர் மொழிபெயர்ப்பு ஆகியவற்றால் காக்கப்பட வேண்டிய அமைப்பு.

முடிவுரை

நான்கு அளவுகோல்களும் ஒரே விடையைத் தரவில்லை. பாடநூல் தேர்வும் மருந்தகப் பயிற்சியும் கிராமப் பணிக்குப் பொருந்தின. பணியிடத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலவழிப் பயிற்சி வேலையை அளித்து நிறுவனரின் நோக்கத்தைக் கைவிட்டது. தமிழ்வழிப் பயிற்சி நோக்கத்தைக் காக்க முயன்று மாணாக்கரின் வாய்ப்புகளைச் சுருக்கியது. நிறுவன ஏற்பு கொழும்புக்குச் சென்றது. அறிவுப் புதுப்பிப்புக்கு வழி அமைக்கப்படவில்லை.

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலும் என்பதை மானிப்பாய் வகுப்பு மெய்ப்பித்தது. அது நிலைபெறாமைக்கு மொழியின் இயலாமையைக் காரணமாகக் காட்ட இச்சான்றுகள் இடந்தரவில்லை. கற்றவருக்கு வருவாய், ஏற்பு, தொடர்கல்வி ஆகிய மூன்றையும் அளிக்கும் பொறுப்பை மிஷனோ அரசோ ஏற்காததே காரணம். பயிற்சி முடித்தோரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மட்டும் எண்ணுவது ஒரு கல்வித் திட்டத்தை மதிப்பிடப் போதாது; எந்த வேலை, யாருக்குப் பயன்படும் வேலை, அவ்வேலையில் எவ்வளவு காலம் தகுதியோடு நிற்க இயலும் என்பனவும் கேட்கப்பட வேண்டும். தாய்மொழிவழித் தொழிற்கல்வி குறித்து இன்று திட்டமிடுவோர், பாடநூலாக்கத்தோடு நின்றுவிடாமல் இக்கேள்விகளுக்கும் விடை வகுத்தாக வேண்டும் என்பதே மானிப்பாய் வரலாறு உணர்த்துவது.