காளவாசலின் வாயும் கிருதுமாலின் காலும்

மதுரையின் மேற்கில் தேனி சாலையும் புறவழிச்சாலையும் சந்திக்கும் இடத்துக்கு வழங்கும் காளவாசல் என்னும் பெயர் செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிப்பது; அதனைக் காளவாய் என்றும் சொல்வர். இப்பெயரின் பின்பாதியான வாசல், வாயில் என்பதன் பேச்சு வடிவம். உயிர் உசிராவதும் மயிர் மசிராவதும் போலவே இங்கும் யகரம் சகரமாயிற்று. வாயில் என்பதோ இல்லின் வாய், அதாவது இல்வாய், முன்பின்னாக மாறி நின்ற சொல். இத்தகைய மாற்றத்தை இலக்கண நூலார் இலக்கணப்போலி என்பர்.

கால்வாய், வாய்க்கால் என்னும் இணையும் இவ்வகையைச் சேர்ந்ததே. கால் என்பதற்கு நீரோடும் வழி என்ற பொருள் உண்டென்பதை வடிகாலும், கண்மாய் நிரம்பி வழியும் நீரைக் குறிக்கும் மறுகாலும் காட்டுகின்றன. வாய் என்பது திறப்பு. வயலில் வரப்பை மண்வெட்டியால் ஒரு முழ அகலம் வெட்டி நீரைப் பாய்ச்சி, பாய்ந்து முடிந்ததும் அதே மண்ணை அள்ளி அப்பி மிதித்து அடைக்கும் உழவருக்கு அந்தத் திறப்பே மடைவாய். திறக்கவும் மூடவும் கூடிய வாய் இருப்பதாலேயே வாய்க்கால் வெறும் ஓடையினின்று வேறுபடுகிறது.

இவ்வேறுபாட்டை ஏட்டில் படிப்பதைவிட, காளவாசலிலிருந்து தென்கிழக்காக எல்லிஸ் நகருக்கு நடந்து கிருதுமால் ஆற்றின் கரையில் நின்று உணர்வதே மேல். மதுரையில் பசுமை நடை போன்ற வரலாற்று நடைகள் சமண மலைகளுக்கு மக்களை அழைத்துச் சென்றுள்ளன. நீர்வழிகளும் அந்தக் கவனத்துக்கு உரியவையே. துவரிமான் கண்மாயின் மறுகாலிலிருந்து கிளம்பி நகருக்குள் வரும் கிருதுமாலைப் பாகவத புராணத்தின் கிருதமாலாவாகக் கருதும் மரபு உண்டு. சத்தியவிரதன் என்னும் அரசன் நீர்க்கடன் செய்கையில் அவன் கையில் மீன் வந்தது அந்த ஆற்றில்தான். இன்றோ அதன் இரு கரைகளும் காங்கிரீட் சுவர்கள்; அச்சுவர்களில் காணப்படும் வாய்கள் எல்லாம் சாக்கடைக் குழாய்களின் வாய்கள். அவை நீரைப் பிரித்து வெளியே கொடுப்பவை அல்ல, கழிவை உள்ளே கொட்டுபவை.

நகரின் கிழக்கில் இதற்கு மாறான காட்சி உண்டு. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வைகை நீரைக் கொண்டுவரும் பனையூர்க் கால்வாய், நெடுங்காலம் தூர்ந்து கிடந்தபின் சீர்செய்யப்பட்டது. அதன் வழியே நீர் வந்த நாள்களில் குளத்தின் படிகள் ஒவ்வொன்றாக மூழ்குவதைக் கரையில் கூடி நின்று ஊரார் பார்த்தனர்.