கண்ணோட்டம்: ஒரு சொல்லின் வரலாறு

சோளிங்கர்ப் பெரிய மலையில் யோக நிலையில் வீற்றிருக்கும் நரசிங்கப் பெருமான், ஆண்டில் பதினொரு திங்கள் கண்மூடி இருந்து கார்த்திகையில் மட்டும் கண்திறந்து அருள்வதாக நம்பிக்கை. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய இத் திருக்கடிகையின் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகளை அம் மாதத்தில் ஏறுவோர், தாம் பெருமானைக் காண்பதைவிடப் பெருமான் தம்மைக் காண்பதையே பெரிதாக வேண்டுகின்றனர். கண்பார்த்தல் என்றால் இரங்குதல் என்பது இவ்வூர் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டிய பொருளன்று.

திருக்குறளின் 58ஆம் அதிகாரமாகிய கண்ணோட்டம் இப்பொருளையே உடையது. தம்மொடு பழகியவரைக் கண்டவிடத்து அவர் சொல்லை மறுக்க மாட்டாத இயல்பு என்ற கருத்தில் பரிமேலழகர் அதனை விளக்குவார். கண் பிறர்மேல் ஓடுகிறது. ஓடிய இடத்தில் நெஞ்சம் நெகிழ்கிறது. இது துறவறத்தில் வைக்கப்படாமல் பொருட்பாலில், அரசனுக்குரிய இயல்புகளிடையே வைக்கப்பட்டது கருதத்தக்கது. அடுத்த அதிகாரம் ஒற்றாடல். அங்கே ஒற்று, அரசனுக்குக் கண்ணாகச் சொல்லப்படுகிறது. வேவு பார்க்கும் கண்ணைப் பேசுமுன் இரங்கும் கண்ணைப் பேசிவிடுகிறார் வள்ளுவர். 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்த போப், இவ்வதிகாரத்திற்கு இட்ட பெயர் பெனிக்னிட்டி. பொருள் பழுதில்லை, ஆனால் அச்சொல்லில் கண் இல்லை.

ஆங்கிலத்தில் கண்ணுக்குப் பஞ்சமில்லை. வியூ, பாயிண்ட் ஆஃப் வியூ, அவுட்லுக், பெர்ஸ்பெக்டிவ் என அடுக்கடுக்காகச் சொற்கள் உள்ளன. பெர்ஸ்பெக்டிவ் என்பது ஊடுருவிக் காணுதல் என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது; ஒளியியலிலும் பின்னர் ஓவியத்திலும் வழங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டு பிளாரன்சு ஓவியர், காண்பவன் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாக நிறுத்தி, அதற்கேற்பப் பொருள்களின் அளவைக் குறைத்தும் கூட்டியும் வரைந்தனர். தியரி என்ற சொல்லுங்கூடக் காணுதலைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. வேர்ல்ட்வியூ, செருமானியச் சொல்லொன்றின் பெயர்ப்பு. அம்மூலச் சொல்லை 1790இல் காண்ட் ஆண்டார். கருத்துலகில் இச்சொற்கள் பெரும்பாலும் காண்பவன் எங்கே நிற்கிறான் என்பதைக் கேட்பன. காணப்படுவோரிடம் அவன் நெஞ்சம் என்னாயிற்று என்பது அவற்றின் வினா அன்று.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்துகளைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. நோக்கு, பார்வை, கோணம் ஆகியவற்றோடு கண்ணோட்டமும் பணிக்கு அழைக்கப்பட்டது. உலகக் கண்ணோட்டம், வர்க்கக் கண்ணோட்டம் என்பன மார்க்சிய நூல்களின் வழியே பரவித் திறனாய்விலும் நிலைபெற்றன. வேறு சொல் இல்லாக் குறையால் இது நேர்ந்ததென்று கூற இயலாது. பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் 27ஆம் காதையின் பெயரிலேயே 'திறம்' என்ற சொல் உள்ளது. ஆயினும் அது மேடையில் எடுபடவில்லை போலும்.

நோக்கு என்பதும் முன்னர் வேறொன்றாக இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் அது ஒன்று. கேட்போரை மேற்செல்லவிடாது எழுத்தும் சொல்லும் அடியும் நின்று நோக்கச் செய்யும் ஆற்றலே அது. அந்த நோக்கு பாட்டினுடையது. இன்று கவிஞரின் நோக்கு என்னும்போது அவர்தம் கொள்கையையே கேட்கிறோம். இவ்விடப்பெயர்ச்சியைக் கவிஞர்களேனும் கவனித்திருக்க வேண்டும்.

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று வழங்கிய தீர்ப்பில், வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்றும், மாசு செய்தவரே அதற்கு ஈடு தரவேண்டும் என்றும் கூறப்பட்டன. இவ்வழக்கைத் தமிழில் எழுதப்புகுவோர் வளர்ச்சிக் கண்ணோட்டம், சூழலியல் கண்ணோட்டம் என இரண்டாகப் பகுப்பர். இரண்டும் நிற்குமிடங்கள். கெட்ட கிணற்றையுடைய உழவரும், ஆலை மூடினால் கூலியிழக்கும் தொழிலாளியும் ஒருவர் கண்ணிலேயே ஒருங்கு படுவதற்குப் பழந்தமிழ் வைத்திருந்த பெயரும் அதுவே. கடமை சிதையாமல் கண்ணோட வல்லாரை அதிகாரத்தின் எட்டாம் குறள் சிறப்பிக்கிறது. தலைப்பை மட்டும் படிக்கும் இற்றை மாணவர், வள்ளுவர் அங்கே பல கோணங்களை ஆராய்கிறார் என்று எண்ணிவிடுதல் எளிது.