கிட்லாப் தரவுத்தள இழப்பு, 2017

கிட்லாப் என்பது நிரலாளர்கள் தம் மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளம். 2017 சனவரி 31 அன்று அதன் துணை வழங்கி, முதன்மை வழங்கியுடன் ஒத்திசையாமல் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய முனைந்த பொறியாளர், துணை வழங்கி என்றெண்ணி முதன்மை வழங்கியின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே மிஞ்சியது.

அதைவிட அதிர்ச்சி தந்தது காப்புப்படிகளின் நிலை. படியெடுக்கும் பிஜி_டம்ப் கருவி 9.2ஆம் பதிப்பு, போசுட்கிரெசு தரவுத்தளமோ 9.6. பதிப்பு பொருந்தாமல் கருவி பிழை காட்டி நின்றது. படிகள் இருக்கவேண்டிய சேமிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் முறையாகக் கையொப்பமிடப்படாததால் ஏற்கப்படவில்லை. ஆகவே, எவருக்கும் தெரியவில்லை!

சுமார் ஆறு மணி நேரம் முன்னதாக, சோதனைக்கென அதே பொறியாளர் தற்செயலாக எடுத்திருந்த வட்டுப்படமே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் மீளவில்லை. நிரல்கள் தனியே சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பின.