பொய் முடங்கலும் மெய்த் தூதும்

தூதர் மெய் பேசினால் அமைதி நிலைக்கும், பொய் உரைத்தால் போர் மூளும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நடந்த தூதுகளின் வரலாறு அந்நம்பிக்கையைச் சற்றே அசைத்துப் பார்க்கிறது.

1590இல் கொரியாவின் சோசன் மன்னர் சொன்ஜோ அனுப்பிய தூதுக்குழு, ஜப்பானில் டொயோட்டோமி ஹிதேயோஷியைக் கண்டு மறு ஆண்டு மீண்டது. போர் உறுதி என்றார் தலைமைத் தூதர் ஹ்வாங் யுன்கில். அதற்கான அறிகுறியே இல்லை என்றார் துணைத் தூதர் கிம் சொங்இல். இருவரும் கண்டது ஒரே மனிதனை. ஆனால் அரசவையில் அவர்கள் எதிரெதிர் அணியினர். மக்கள் அஞ்சிக் கலங்கக் கூடாதென்றே அவ்வாறு கூறியதாகக் கிம் பின்னர் விளக்கினார் என்று அமைச்சர் ரியு சொங்ரியொங் தம் போர்க்குறிப்பில் எழுதியுள்ளார். 1592இல் ஜப்பானியப் படை பூசானில் இறங்கியது. ஏறத்தாழ மூன்றே வாரங்களில் தலைநகர் வீழ்ந்தது.

1598இல் ஹிதேயோஷி இறந்தபின் போர் ஓய்ந்தது. உறவு முறிந்ததால் பெரிதும் தவித்தது இரு நாடுகளுக்கும் நடுவிலுள்ள சுஷிமா தீவு. விளைநிலம் குறைந்த அத்தீவுக்குக் கொரிய வணிகமே வாழ்வு. ஜப்பானே முதலில் அரசமுடங்கல் அனுப்ப வேண்டும் என்று சோசன் அரசு கேட்டது. தீவை ஆண்ட சோ குடும்பத்தார் தொக்குகாவா இயெயாசு பெயரில் தாமே ஒரு முடங்கலைப் புனைந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்குக் கொரியா தந்த மறுமொழியையும் வழியில் திருத்தினர். இவ்வாறு 1607இல் தூது மீண்டும் தொடங்கியது. போரில் சிறைப்பட்டோரை மீட்டு வருவதும் அத்தூதரின் கடமையாயிற்று.

சோ குடும்பத்துக்கும் அதன் பணியாளர் யனகாவாவுக்கும் மூண்ட வழக்கில் இப்புனைவுகள் வெளிப்பட்டன. 1635இல் ஷோகன் இயெமிட்சு தீர்ப்பளித்தார். யனகாவா தொலைவிடத்துக்குக் கடத்தப்பட்டார். தீவின் தலைவரோ பதவியில் நீடித்தார். உறவு முறிவதை ஷோகனும் விரும்பவில்லை போலும்! மறு ஆண்டே வந்த கொரியத் தூதுக்குழு 'தோங்சின்சா' என்னும் பெயர் தாங்கி வந்தது. நம்பிக்கையைப் பரிமாறும் தூது என்பது அதன் பொருள். பொய் அம்பலமான பின்னரே அப்பெயர் மீண்டது என்பதை நாம் கருத வேண்டும்.

1607 முதல் 1811 வரை இத்தகைய தூதுகள் பன்னிரண்டு சென்றன. பெரும்பாலானவற்றில் முந்நூறு முதல் ஐந்நூறு பேர் வரை இருந்தனர். பேச்சுமொழி வேறாயினும், இரு தரப்புப் புலவரும் சீன எழுத்தால் எழுதியெழுதி உரையாடினர். சுஷிமாவில் பணியாற்றிய அமேனோமோரி ஹோஷு ஒருபடி மேலே சென்று, பூசானில் தங்கிக் கொரிய மொழியையே கற்றார். ஒருவரையொருவர் ஏமாற்றாமலும் பூசலிடாமலும் உண்மையோடு பழகுவதே அண்டை நாட்டுறவு என்று 1728இல் எழுதி வைத்தார். பொய் முடங்கல் எழுதிய அதே தீவிலிருந்து எழுந்த குரல் இது!

இத்தூதுகளின் ஆவணங்களை இரு நாட்டு அமைப்புகளும் இணைந்து முன்மொழிய, 2017இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. கதவைத் திறந்தது பொய்யாக இருக்கலாம். இருநூறு ஆண்டுகள் அது மூடாமல் காத்தது, அண்டை வீட்டார் மொழியைக் கற்க முனைந்தோரின் உழைப்பே என்று நமக்குத் தோன்றுகிறது.